ஏறும் வழியை இறங்கும் வழியிலிருந்து தேர்ந்தெடுப்போம்

அதிகம் யாரும் போகாத ஒரு சிகரத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால், முதலில் கைக்கு வருவது மலையின் புகைப்படம்தான். விரலை அடிவாரத்தில் வைத்து உச்சிவரை ஒரு கோடு இழுப்போம். அதன் பிறகு நடக்கும் பேச்சு முழுவதும் அந்தக் கோட்டைப் பற்றியே இருக்கும்: எவ்வளவு செங்குத்து, எத்தனை நாள், எங்கே படுப்பது. நான் அந்தக் கோட்டை உச்சியிலிருந்து கீழ்நோக்கி இழுக்கச் சொல்கிறேன். உச்சியில் நிற்கிறோம், உடம்பில் தெம்பு இல்லை, மேகம் மூடிக்கொண்டு வருகிறது. இப்போது எந்த வழியாக, எதைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம்? இதற்குத் தெளிவான பதில் கிடைத்தபிறகுதான் மற்ற எதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் இருக்கிறது.

ஊருக்கு அருகில் இருக்கும் மலையில் இந்தக் கேள்வி இவ்வளவு கனமாக வராது. கால் முறிந்தால் ஹெலிகாப்டர் வரும், அல்லது மறுநாளாவது யாராவது வருவார்கள். ஒதுக்குப்புறமான சிகரத்தில் காப்பாற்ற வருபவர்களும் நம் குழுவில் இருப்பவர்கள்தான். 1977-இல் பாகிஸ்தானின் காரகோர மலைத்தொடரில் உள்ள ஓகர் சிகரத்தின் (7,285 மீட்டர்) உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கிய உடனேயே பிரிட்டிஷ் மலையேறி டக் ஸ்காட்டின் இரண்டு கால்களும் முறிந்தன. அதே இறக்கத்தில் கிரிஸ் பானிங்டனுக்கு விலா எலும்புகள் முறிந்தன. ஸ்காட் முழங்காலிலும் கையிலும் ஊர்ந்தே அடிவாரம் வந்து சேர்ந்தார். புயலுக்கு நடுவே அதற்குப் பல நாட்கள் பிடித்தன. காயமில்லாத இருவர், மோ அந்தோயினும் கிளைவ் ரோலண்டும், கூட இருந்ததால்தான் அது முடிந்தது.

பேச வசதியாக ஒரு கற்பனை மலையை வைத்துக்கொள்வோம். உயரம் 6,400 மீட்டர். சாலை முடியும் இடத்திலிருந்து அடிவார முகாமுக்கு நான்கைந்து நாள் நடை. வடக்கே 1,400 மீட்டர் உயரத்துக்குப் பனியும் பாறையும் கலந்த சுவர். கிழக்கே நீண்ட முகடு. தெற்கே போக மலையை ஒரு நாள் சுற்ற வேண்டும். அங்கே வெடிப்புகள் நிறைந்த பனியாறு, அதற்கு மேலே சாய்வு குறைந்த பனிச்சரிவு.

முகடா, சுவரா, பின்பக்கச் சரிவா

முகடுதான் பாதுகாப்பு என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மேலிருந்து விழும் கல்லும் பனிச்சரிவும் முகட்டின் இரு பக்கமும் போய்விடும், நம் தலையில் விழாது. கூடாரம் போட இடம் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். ஆனால் முகட்டுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. காற்று பனியை முகட்டின் ஒரு பக்கமாகத் தள்ளித் தள்ளி, வெறும் காற்றின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பாக்கி வைக்கும். கார்னிஸ் எனப்படும் இந்த விளிம்பு, மேலே நின்று பார்த்தால் திடமான தரையைப் போலவே இருக்கும். 1957-இல் பிராட் பீக்கின் உச்சியை முதன்முதலாகத் தொட்ட நால்வரில் ஒருவரான ஹெர்மான் பூல், சில வாரங்களுக்குள்ளேயே சோகோலிசா மலையில் இப்படி ஒரு விளிம்பு உடைந்து விழுந்து இறந்தார். பார்வை மங்கிய வானிலையில் இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அதைவிடப் பெரிய சிக்கல் பின்வாங்குவது. கயிற்றைக் கட்டி இறங்கினால் கயிறு நேர்கீழாகத்தான் தொங்கும். முகடோ பக்கவாட்டில் போகிறது, நடுவில் ஏறி இறங்கிப் பாறைக் கொம்புகளைத் தாண்டுகிறது. மூன்றாம் நாள் முகட்டின் நடுவில் நிற்கும்போது புயல் வந்தால், வந்த வழியை முழுதாகத் திரும்ப ஏறி இறங்கியாக வேண்டும். உடம்பு முடியாத ஒருவரை அந்த வழியில் அழைத்துவருவது மிகக் கடினம்.

இதற்கு மாறான உதாரணமாக லாட்டோக் I சிகரத்தின் வடமுகட்டைச் சொல்வார்கள். 1978-இல் ஜிம் டோனினி, மைக்கேல் கென்னடி, ஜார்ஜ் லோ, ஜெஃப் லோ நால்வரும் அதில் 26 நாட்கள் இருந்தார்கள். உச்சிக்குச் சுமார் 150 மீட்டர் கீழே ஜெஃப் லோவின் உடல்நிலை மோசமானதால் திரும்பினார்கள், நால்வரும் உயிரோடு இறங்கினார்கள். ஆனால் பெயரில்தான் அது முகடு. வடிவத்தில் செங்குத்தான தூண். அதனால்தான் வந்த வழியிலேயே கயிற்றில் இறங்கிவர முடிந்தது. பக்கவாட்டில் கிலோமீட்டர் கணக்கில் நீளும் முகட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அப்புறம் சுவர். பார்த்தாலே வயிற்றைக் கலக்கும், ஆனால் அதன் கணக்கு எளிமையானது. தூரம் குறைவு, வழி நேரானது, எங்கிருந்தும் கயிற்றில் இறங்கலாம். நல்ல கெட்டிப் பனி இருந்தால் ஆங்கருக்கு, அதாவது கயிற்றைக் கட்டும் பிடிமானத்துக்கு, உலோகம் எதையும் விட்டுவர வேண்டியதில்லை. பனித்திருகாணியால் இரண்டு துளைகளைச் சாய்வாகப் போட்டு உள்ளே சந்திக்க வைத்து, அதில் ஒரு கயிற்றுத் துண்டைக் கோத்துவிட்டால் போதும். சோவியத் மலையேறி விட்டாலி அபலக்கோவின் பெயரில் வழங்கும் முறை இது. 60 மீட்டர் கயிறு இரண்டை முடிந்து இறங்கினால் ஒரு தடவைக்கு 60 மீட்டர். நம் 1,400 மீட்டர் சுவருக்குக் குறைந்தது 24 இறக்கம். கயிறு சிக்கிக்கொள்வது, குறுக்கே நகர்வது எல்லாம் சேர்த்தால் 30 என்று வைத்துக்கொள்வதே நியாயம். ஒன்றுக்கு 25 நிமிடம் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். நீளமான நாள்தான், ஆனாலும் முன்கூட்டியே கணக்குப் போட முடிகிற நாள்.

சுவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: மேலே என்ன தொங்குகிறது? பனியாற்றின் உடைந்த விளிம்பு, அதாவது செராக், நம் வழிக்கு மேலே இருந்தால் அந்த வழியைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். கல் விழுவதும் சரிவில் பனி நழுவுவதும் வெயிலையும் புதுப்பனியையும் ஒட்டி நடக்கும். இரவில் ஏறுவது, பனி விழுந்தபின் ஓரிரு நாள் பொறுப்பது என்று அதைக் குறைக்கலாம். செராக் அப்படியில்லை. பனியாறு நகர்ந்துகொண்டே இருப்பதால் அது நள்ளிரவிலும் உடையும், கடுங்குளிரிலும் உடையும். "சீக்கிரமாகக் கடந்துவிடலாம்" என்ற பேச்சு எழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஏறும்போது சீக்கிரமாகக் கடக்கலாம். மூன்று நாள் கழித்து, களைத்துப்போய், அதே இடத்தில் ஆங்கர் போட்டுக்கொண்டு நிற்கும்போது?

பின்பக்கச் சரிவை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. பெரும்பகுதி நடந்தே போய்வரலாம் என்பது ஒதுக்குப்புற மலையில் மிகப் பெரிய வரம். ஆனால் சாய்வு குறைந்தது என்பதால் ஆபத்து குறைந்தது என்று ஆகிவிடாது. பலகையாக உடைந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் கிளம்புகின்றன. நடக்க வசதியாகத் தெரியும் சரிவுகள் பல அந்த எல்லைக்குள்தான் வருகின்றன. கீழே பனியாற்றின் வெடிப்புகளும் இருக்கின்றன. பனிப்பாலங்கள் பருவத்தின் தொடக்கத்தில் உறுதியாக இருந்து, வெயில் ஏற ஏறத் தொய்ந்துபோகும். அங்கே மூவராவது ஒரே கயிற்றில் இருக்க வேண்டும்.

வந்த வழியா, மறுபக்கமா

மலையேற்ற வரலாற்றில் எனக்கு மிகுந்த வலியைத் தருகிற கதைகள் இந்தக் கேள்வியில்தான் வருகின்றன. 1970-இல் நங்க பர்பத்தின் ரூபால் சுவரில் ஏறிய ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் தம்பி குந்தரும், மறுபக்கமான தியாமிர் வழியாக இறங்கினார்கள். அவர்கள் முன்பு கால் வைத்திராத பக்கம் அது. குந்தர் கீழே வந்து சேரவில்லை. அவருடைய எச்சங்கள் 2005-இல்தான் கிடைத்தன. 1985-இல் பெரு நாட்டின் சியுலா கிராண்டேயில் (6,344 மீட்டர்) மேற்குச் சுவர் வழியாக ஏறிய ஜோ சிம்சனும் சைமன் யேட்ஸும் வடமுகட்டு வழியாக இறங்கினார்கள். கார்னிஸ்கள் நிறைந்த அந்த வழியில் சிம்சனின் கால் முறிந்தது. அவர் உயிர் பிழைத்தது அசாதாரணமான உறுதியாலும் அதிர்ஷ்டத்தாலும்தான்.

அப்படியானால் எப்போதும் வந்த வழியே திரும்பிவிடலாமா? அதிலும் எல்லாமே நன்மை இல்லை. ஏறிய சுவரில் மதிய வெயிலில் கல் பொழியலாம். கயிற்று இறக்கம் ஒவ்வொன்றும் ஒரு தனி ஆபத்து. தவறான ஆங்கர் ஒன்றே போதும். மறுபக்கம் எளிதாக இருந்தால் அதை விட்டுவிட்டுச் சுவரில் முப்பது தடவை தொங்குவதிலும் அர்த்தமில்லை. மறுபக்கம் இறங்குவது பெரிய சாதனைகளிலும் உண்டு. 1985-இல் வோய்டெக் குர்டிகாவும் ராபர்ட் ஷாவரும் காஷர்பிரும் IV சிகரத்தின் மேற்குச் சுவரில் ஏறி, வடமேற்கு முகட்டில் இறங்கினார்கள். ஆனால் சுவரின் மேற்பகுதியில் புயலில் மாட்டி, உணவும் எரிவாயுவும் தீர்ந்துபோய், உச்சிக்குப் போகாமலே இறங்கிய பயணம் அது.

என் தீர்ப்பு இதுதான்: இறங்கப்போகும் பக்கத்தில் முன்கூட்டியே கால் வைத்திருந்தால் மட்டும் மறுபக்கம் இறங்கலாம். அதற்கு ஒரு நல்ல வாய்ப்பு இயல்பாகவே அமைகிறது. உயரத்துக்கு உடலைப் பழக்க எப்படியும் சில நாள் எங்காவது ஏறி இறங்கத்தான் போகிறோம். பக்கத்து மலைக்குப் போகாமல் அந்த நாட்களைத் தெற்குச் சரிவில் செலவிட்டால், ஒரே வேலையில் இரண்டு பயன். 5,800 மீட்டர்வரை போய்ப் படுத்து வருகிறோம். வெடிப்புகளுக்கு நடுவே வழி எங்கே என்று தெரிந்துகொண்டு ஜிபிஎஸ்ஸில் பதிந்துகொள்கிறோம், கொடிக்குச்சிகளை நடுகிறோம். மேல்முனையில் ஒரு பையில் எரிவாயுவும் இரண்டு நாள் உணவும் வைத்துவிட்டு இறங்குகிறோம். அதன்பின் வடக்குச் சுவரில் ஏறினால் மறுபக்கம் நமக்குப் பழக்கப்பட்ட இடம். சுவரின் பாதிவரை கயிற்றில் பின்வாங்கலாம். பாதியைத் தாண்டியபின் உச்சியைத் தாண்டித் தெற்கே இறங்குவதே குறுகிய வழி. எந்த இடம்வரை எது என்பதைப் புகைப்படத்தில் புள்ளி வைத்து முன்பே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழக்கும் வேகத்தில் பேரம் பேசக்கூடாது. 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டால் நம்பகமான சிகிச்சை கீழே இறங்குவது. இறங்க வழியில்லாத இடத்தில் அந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், பழகிய பிறகே சுவரில் கை வைக்க வேண்டும் என்பது விளங்கும்.

நிலைக்கயிறா, ஒரே மூச்சா

வழி நெடுக மலையிலேயே விட்டுவைக்கும் நிலைக்கயிறு கட்டி, முகாம்கள் போட்டு, சுமையை ஏற்றி ஏற்றி முன்னேறுவது பழைய முறை. மலையின் அடியிலிருந்து எல்லாவற்றையும் முதுகில் சுமந்து ஒரே மூச்சில் போய்வருவது ஆல்பைன் பாணி. 1975-இல் மெஸ்னரும் பீட்டர் ஹபேலரும் 8,080 மீட்டர் உயரமுள்ள ஹிடன் பீக்கை இருவராகவே இந்தப் பாணியில் ஏறி, எட்டாயிரம் மீட்டர் மலைகளிலும் இது முடியும் என்று காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே கேப்ஸ்யூல் முறை ஒன்று உண்டு: கொஞ்சம் தூரத்துக்குக் கயிறு கட்டி, முகாமை மேலே நகர்த்தி, கயிற்றை அவிழ்த்து அடுத்த பகுதிக்குக் கட்டுவது. நாள்கணக்கில் ஆகும் நெடும் பாறைச்சுவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

நிலைக்கயிற்றின் பலம் பின்வாங்குவதில் இருக்கிறது. புயல் வந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகாமுக்கு வந்துவிடலாம். ஆனால் ஒரே ஆபத்தான பகுதியைப் பத்து முறை கடக்க வேண்டியிருக்கும். 1,400 மீட்டருக்குக் கயிற்றை ஐந்து நாள் நடை தூரம் சுமந்து வரவும் ஆள் வேண்டும். அவ்வளவு கயிறும் கடைசியில் மலையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அது எனக்கு ஏற்புடையதல்ல. ஆல்பைன் பாணியில் ஆபத்தான பகுதியைக் கடப்பது ஒருமுறைதான், அதற்கு விலை, அவசரத்துக்கென்று எதுவும் கூடுதலாக இல்லாத பை. நம் மலைக்கு, தெற்கே வைத்த பையையும் சேர்த்துப் பார்த்தால், ஆல்பைன் பாணிதான் சரி.

எத்தனை பேர்

இருவர் என்றால் வேகம், சின்னக் கூடாரம், முடிவெடுப்பது எளிது. ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் அவரை விட்டுவிட்டு உதவி தேடிப் போவதா, கூடவே இருப்பதா என்ற கொடுமையான கேள்வி வரும். பனியாற்று வெடிப்பில் விழுந்தவரை ஒற்றை ஆள் இழுத்தெடுப்பதும் பெரும்பாடு. நால்வர் என்றால் இரண்டு ஜோடி, காப்பாற்றும் பலம் அதிகம். ஓகரில் கண்டது அதுதான். ஆனால் செங்குத்தான பனியில் மேலே இருப்பவர்கள் வெட்டும் பனித்துண்டுகள் கீழே இருப்பவர்கள்மேல் விழும், ஆங்கரில் நிற்க இடம் போதாது, வேகம் குறையும்.

மூவர் என்பதே என் தேர்வு. முன்னால் போகிறவர் இரண்டு கயிற்றோடு ஏறுவார், மற்ற இருவரும் சற்று இடைவெளி விட்டுச் சேர்ந்தே பின்தொடர்வார்கள். ஏறும் வேகம் இருவர் குழுவைவிட அதிகம் குறையாது, சுமை மூன்றாகப் பிரியும், தெற்குப் பனியாற்றில் ஒருவர் விழுந்தால் இழுக்க இருவர். கூடாரத்தில் நெருக்கிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். மூவரில் யார் "திரும்பலாம்" என்றாலும் விவாதம் இல்லாமல் திரும்புவது என்று புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். பெரும்பான்மை வாக்கெடுப்பு இங்கே ஆகாது.

உணவா, எரிவாயுவா

பையில் இடம் போதாதபோது எதைக் குறைப்பது? உணவைக் குறைக்கலாம், எரிவாயுவைக் குறைக்கக்கூடாது. மேலே தண்ணீர் என்பது உருக்கிய பனிதான். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க மட்டும் சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்தத் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து நூறு டிகிரிக்குக் கொண்டுபோக 100 கலோரி. ஆகவே வெறும் குடிநீருக்கே, கிட்டத்தட்டக் கொதிக்க வைக்கும் அளவுக்கு எரிவாயு போய்விடும். நல்ல அடுப்பு இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் என்று நான் கணக்கு வைப்பேன். மூவருக்கு ஐந்து நாள் என்றால் 1,500 முதல் 1,800 கிராம். 230 கிராம் டப்பாவில் ஏழு அல்லது எட்டு. அதில் பாதிக்கு மேல் சுவரில் கூடவே வரும், மீதி தெற்குப் பையில் இருக்கும்.

எந்த வாயு என்பதும் முக்கியம். சாதாரண பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரிவரை தாங்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த டப்பாவை வாங்கி, இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்தை விட்டுவிட்டு தூக்கப்பைக்கு மேல் போர்த்தும் வெறும் பிவாக் பையோடு போனால் ஒன்றரைக் கிலோ மிச்சமாகும். ஓர் இரவு மட்டும் என்றால் சரி. மூன்று இரவுக்கு வேண்டாம், காற்றில் அடுப்பு எரியாது.

பறந்து போவதா, நடந்து போவதா

சில மலைகளில் இந்தத் தேர்வே கிடையாது. விமானம் இறங்கும் இடங்களில் சுமைக்குப் பெரிய வசதி. அலாஸ்காவின் தெனாலி மலையில் பனிச்சறுக்குக் கட்டை பூட்டிய விமானங்கள் கஹில்ட்னா பனியாற்றில் சுமார் 2,200 மீட்டரில் இறக்கிவிடும். அங்கிருந்து 6,190 மீட்டருக்கு மெதுவாக ஏறுகிறார்கள், அதனால் உடல் பழக நேரம் இருக்கிறது. நேராக 4,500 மீட்டரில் ஹெலிகாப்டரில் இறங்குவது வேறு விஷயம், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வானிலை கெட்டால் திரும்ப ஏற்றிச் செல்ல விமானம் வராது என்பதால், பறந்து போகிறவர்கள் அடிவாரத்தில் ஒரு வாரத்துக்காவது கூடுதல் உணவு வைத்திருக்க வேண்டும். நடந்து போனால் உடலும் பழகும், திரும்பும் வழியும் தெரியும்.

தொடர்புக்கு என்ன

செயற்கைக்கோள் போனில் பேசலாம். குறுஞ்செய்திக் கருவியில் பேச முடியாது, ஆனால் எடை குறைவு, பேட்டரி பல நாள் வரும், இருக்கும் இடத்தையும் சேர்த்து அனுப்பும். சுவருக்குச் செய்திக் கருவி, அடிவார முகாமுக்குப் போன் என்று பிரித்துக்கொள்வது நல்லது. சில நாடுகளில் அனுமதியில்லாமல் இவற்றை வைத்திருப்பதே குற்றம் என்பதால், பயண அனுமதியோடு சேர்த்து இதற்கும் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். இந்தக் கருவிகள் தரும் உண்மையான லாபம் வானிலைச் செய்தி. நாலு நாள் காற்று குறையும் என்று தெரிந்து கிளம்புவதற்கும் தெரியாமல் கிளம்புவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அபாயப் பொத்தானை அழுத்தினால் ஆள் வந்துவிடுவார் என்று மட்டும் திட்டத்தில் எழுதிவிடாதீர்கள். 6,000 மீட்டரில் காற்று அடர்த்தி குறைவு, பல ஹெலிகாப்டர்களுக்கு அங்கே வந்து நிற்கவே முடியாது.

அடிவார முகாமில் ஏறாத ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்த வழியில் ஏறுகிறோம், எந்தப் புள்ளிவரை வடக்கே திரும்புவோம், அதற்குமேல் தெற்கே எங்கே எதிர்பார்க்கலாம், தெற்குப் பை இருக்கும் இடத்தின் ஆயத்தொலை, எந்தத் தேதி எத்தனை மணிக்கு எங்களிடமிருந்து செய்தி இல்லையென்றால் யாருக்கு முதலில் போன் செய்வது. ஏறுவதற்கு மூன்று நாள், இறங்குவதற்கு ஒரு நாள், வானிலைக்காக இரண்டு நாள் என்றால், ஏழாம் நாள் காலை ஆறு மணி என்று எழுதுங்கள்.